ஆள் இல்லை என்ற கட்டம்

மரக்காணத்து உப்பங்கழியோரம் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்தி உப்பளம் ஆக்கியவன் நான். குத்தகை கேட்டுப் போனபோது ஆபீசில் சிரித்தார்கள். பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். புயல் வந்து வரப்பை எல்லாம் கரைத்துக்கொண்டு போனபோது பக்கத்துக் களத்துக்காரர்கள் கையை உதறிவிட்டுப் போனார்கள். நான் அதே சேற்றை அள்ளி அதே இடத்தில் வரப்புப் போட்டேன். களத்துக்கு லாரி வர வழி இல்லை. செங்கல் உடைசலைக் கொட்டிக் கொட்டி வழி உண்டாக்கினேன். இன்றைக்கு எல்லாருடைய வண்டியும் அதில்தான் போகிறது, போட்டது யார் என்று ஒருவரும் சொல்வதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். ஒரே மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. நான் படித்தது ஐந்தாவது, அதுவும் பாதி.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி, தான் செய்த மென்பொருளைச் சோதிக்க எந்த மாதிரி மொழியை எடுப்பது என்று தடுமாறி நின்றபோது, அதற்கு வழி சொன்னவன் நான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குத்தகைக்கும் சிரித்தார்கள்.

மகள் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் மனைவி சென்னைக்குப் போனாள். ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இவள் இன்னும் அங்கேதான். நான் அங்கே போய் இருந்து பார்த்தேன். நாலாவது மாடியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றே தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அதிலிருந்து கீழ்வீட்டில் நான். மாடி பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் வந்தால் தங்குவதற்கென்று கட்டியது. வாரம் ஒருமுறை மேலே போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சாயந்திரம் போய் மூடுவேன்.

மனைவி தினமும் போன் பண்ணுவாள். "சாப்ட்டீங்களா? மாத்திர போட்டீங்களா? சரி, குழந்த கத்துது, வெக்கிறேன்." அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. என்னிடம் கேட்பதற்கு அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அப்படியிருக்கும்போதுதான் மகளுடைய கம்பெனி ஒரு பெட்டி செய்தது. உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் பொருத்துகிற பெட்டி. மழை வருகிறதா, கழியில் தண்ணீர் ஏறுகிறதா, கரண்ட் இருக்கிறதா என்று தானாகப் பார்த்து, களத்துத் தண்ணீரைக் கழிக்கு வடிக்கிற மதகில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிற பலகைகளை மோட்டார் வைத்து ஏற்றும், இறக்கும். நடு இரவில் மழைக்கு எழுந்து ஓடுகிற வேலை இல்லை. முதல் பெட்டியை எங்கள் களத்தில் வைத்துப் பார்ப்பதாக முடிவாயிற்று. என் களம் என்றால் சும்மாவா, இந்தக் கரையில் வரப்பு கோணாமல் நிற்கிற களம் அது ஒன்றுதான்.

பெட்டியைக் களத்தில் வைப்பதற்கு முன் ஆபீசிலேயே சோதிக்க வேண்டும். அதைச் செய்கிறதுதான் மகளுடைய வேலை. ஒவ்வொரு சோதனையையும் ஆள் உட்கார்ந்து யோசித்தால் முடியாது என்பதால், பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தனியாக ஒரு மாதிரியாக எழுதிவிடுவார்களாம். அந்த மாதிரியைப் பார்த்துக் கம்ப்யூட்டரே சோதனைகளை உண்டாக்கிக்கொள்ளும். சோதனையில் பெட்டி ஒன்று செய்து, மாதிரி வேறொன்று சொன்னால், எங்கேயோ தப்பு. ஆக, மாதிரி சரியாக இருக்க வேண்டும். அதை எந்த விதத்தில் எழுதுவது என்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் அவர்கள் மொழி என்கிறார்கள். பேசுகிற மொழி இல்லை, எழுதிக் காட்டுகிற முறை.

சீசன் தொடங்குவதற்கு முன் மகள் மட்டும் இரண்டு நாள் வந்தாள். மாடியில் தங்குவாள் என்று பெருக்கி வைத்திருந்தேன். தனியாக எதற்கு என்று கீழேயே படுத்துக்கொண்டாள். காலையில் களத்துக் கொட்டகையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ப்பா, பெட்டி சும்மா இருக்குதுன்னு வெச்சுக்கோ. எப்ப அது முழிச்சுக்கணும்?"

"மேகம் கூடுச்சுன்னா."

"மேகம் அதுக்குத் தெரியாதுப்பா. மழத்துளி விழுந்தாதான் தெரியும்."

"அப்ப அது எதுக்குடி? எனக்கு மேகமே வேணாம், காத்து திரும்புனாலே தெரியும்."

"உனக்குத் தெரியும்ப்பா. பெட்டிக்குச் சொல்லு."

சொன்னேன். அவள் வட்டம் போட்டாள். ஒவ்வொரு வட்டமும் பெட்டி இருக்கிற ஒரு நிலை: சும்மா, மழை, வடிப்பு, மூடல். வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி. பார்க்க அழகாக இருந்தது. திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. "சரியா இருக்காப்பா?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது, தலையை ஆட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. அன்று ராத்திரிக்கென்று பக்கத்துக் கூனிமேட்டில் பிரியாணி வாங்கி வந்து வைத்திருந்தேன். அவள் நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பிரியாணியை இரண்டு வேளையாக நானே சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் அவளிடமிருந்து கேள்வி ஒன்றும் வரவில்லை. வட்டம் முடிந்துவிட்டது, கேட்க என்ன இருக்கிறது? நானாகப் போன் பண்ணினால், "மீட்டிங்ப்பா, அப்புறம் கூப்டறேன்" என்பாள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவளாகக் கூப்பிட்டாள். வட்டம் போதாது என்று அவளுடைய டீம் லீடர் சொல்லிவிட்டாராம். அவருக்கு விதிமுறையாக எழுதுவதுதான் பிடித்தம். இது இது இருந்தால், இதைச் செய்தால், செய்து முடித்த பின் இது இது இருக்க வேண்டும் என்று பத்திரம் மாதிரி வரிவரியாக எழுதுவது. மகளுக்கு வட்டம்தான் பிடித்தம், கண்ணால் பார்க்கலாம் என்பாள். மூன்றாவதாக ஒன்று, அட்டவணை. மழை உண்டா இல்லையா, கரண்ட் உண்டா இல்லையா, கழி ஏறியிருக்கிறதா இல்லையா என்று மேலே தலைப்புகள் போட்டு, இருக்கக்கூடிய எல்லாச் சேர்மானத்துக்கும் ஒவ்வொரு வரி. வரியின் கடைசிக் கட்டத்தில் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். மூன்றையும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுமாம். மழைக்கால வேலையை மட்டும் மூன்றிலும் எழுதிப் பார்த்து, எது உதவும் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்கிறதை வைத்துத்தான் முடிவு. இனி வருகிற எல்லாப் பெட்டிக்கும் அந்த மொழிதான்.

"அதுக்கு நீ கொஞ்சம் டைம் குடுக்கணும்ப்பா," என்றாள்.

என்னிடம் நேரம் கேட்டாள்.

விதிகளை வாட்ஸப்பில் அனுப்பினாள், தமிழில் மாற்றித்தான். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. மொத்தத்தில் என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. சரி என்று பதில் போட்டேன். அதோடு அதுவும் முடிந்தது.

அட்டவணைதான் வேறு மாதிரி. அதில் எழுதாத கட்டம் எழுதாமலே நிற்கும். நிரப்ப வேண்டும் என்றால் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு நடக்கும்போது கூப்பிட ஆரம்பித்தாள். அது களத்தில் ஆட்கள் எல்லாம் போய்விட்டு, கழியில் கொக்கு மட்டும் நிற்கிற நேரம். நான் வரப்பில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அது அடிக்கிற வரைக்கும் வேறு எதையும் தொட மாட்டேன்.

"ப்பா, மழ இருக்குது. கரண்ட் இல்ல. கழி ஏறல. மதகு மூடியிருக்குது. இன்னா பண்ணணும்?"

"பேட்டரி இருக்குதா?"

"அது அடுத்த தலப்பு. இருக்குன்னு வெச்சுக்கோ."

"தொறக்கணும்."

"கழி ஏறியிருந்தா?"

"தொறந்தா கழித்தண்ணி உள்ள வந்துடும். மூடியே கெடக்கட்டும். அந்தப் புயல் வருசம் இப்டித்தான், நான் மதகுல என் முதுக வெச்சு அடச்சிக்கிட்டு…"

வீட்டுக்குப் போன பிறகும் பேச்சு நீளும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையல் பண்ணுவாள். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்கும்.

"முதுக வெச்சது உங்கப்பா இல்லடி. மூட்டைய வெச்சாரு. மூட்ட என் பொடவைல கட்டுனது."

"பொடவ உன்னுது, ஐடியா என்னுது," என்பேன்.

"அந்தப் பொடவக்கிப் பதிலா வேற பொடவ இன்னும் வரல."

மூன்று பேரும் சிரிப்போம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாயிற்று. நடுவில் மதகு திறக்கிறதா மூடுகிறதா என்று மகள் கேட்டுக் கேட்டு எழுதுவாள். இந்த மொழியைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அப்போதே மனதில் முடிவு பண்ணிவிட்டேன்.

சில நாளில் அவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். ஒரு வரியில் ஏதாவது ஒரு தலைப்பு எப்படி இருந்தாலும் பதில் ஒன்றுதான் என்றால், அந்தக் கட்டத்தில் சின்னக் கோடு போட்டுவிடுவாள். இரண்டு வரி ஒரு வரியாகிவிடும். அட்டவணை சுருங்கும். டீம் லீடருக்குச் சந்தோஷம். எனக்கு ஒவ்வொரு கோடும் ஒரு கேள்வி குறைந்த மாதிரி இருந்தது. "கோடு போடாதம்மா, கேட்டுடு" என்பேன். "பெருசாயிடும்ப்பா" என்பாள்.

அப்படித்தான் ஒரு நாள் கேட்டாள். "மழ இருக்குது. பாத்தியில உப்பு அள்ளியாச்சுன்னா முழுசாத் தொறக்கணும்னு சொன்ன. அள்ளாம நின்னா?"

"என் களத்துல மழைக்கு உப்பு நின்னது கெடையாது. காத்து திரும்புறப்பவே ஆளுங்கள எறக்கி அள்ளிடுவேன்."

"எப்பவுமா?"

"எப்பவுமே. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அப்ப அள்ளுனாலும் அள்ளாட்டியும் ஒண்ணுதான். கோடு போட்டுடறேன். மழன்னா முழுத் தெறப்பு."

பெருமையாக இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் அவளுக்கு ஒரு வரி மிச்சம்.

மறுநாள் காலையில் களத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் களத்தில் உப்பு வாரும் பலகை இழுக்கிற ஒரு அம்மா, என்னோடு ஆரம்ப நாளிலிருந்தே வேலை செய்கிறவள், வாய் சும்மா இருக்காது. உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்ணா, அந்தப் பெட்டி எதுக்கு வெக்கிறாங்க?"

"ஆளில்லாம மதகு தெறக்கத்தான்."

"ஆளில்லாமன்னா?"

"ஆளில்லாமன்னா ஆளில்லாமதான்."

"நீ சென்னைக்குப் போனா. இல்ல ஆஸ்பத்திரில படுத்துட்டா. காத்து திரும்புனா யாரு கத்துவாங்க, பெட்டியா? நீ கத்தலன்னா நாங்க ஏன் எறங்குறோம், வூட்ல தூங்குவோம்." பலகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ இருக்குற கணக்குல சொல்லிட்டு வந்திருக்கிற. அது நீ இல்லாத நாளைக்குத்தானே வருது?"

"வாய மூடிக்கிட்டு இழு," என்றேன்.

இழுத்தாள். ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. அவள் சொன்னது அந்தக் கோட்டுக்குள் இருந்தது. உப்பு அள்ளாமல் நிற்கும்போது மழை பெய்தால் மதகை முழுசாகத் திறக்கவே கூடாது. மேல் பலகை ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும், அது வழிந்து போய்விடும். அடியில் கனத்த உப்புத்தண்ணீர் உப்பை மூடிக்கொண்டு கிடக்கும், உப்பு கரையாது. முழுசாகத் திறந்தால் எல்லாம் ஓடிப்போய், வெறும் உப்பின் மேல் மழை கொட்டும். விடிந்தால் பாத்தியில் சேறுதான். நான் இருக்கிற வரைக்கும் அந்தக் கோடு சரி. நான் இல்லாத நாளில் அதே கோடு களத்தையே கரைத்துவிடும்.

சாயந்திரம் வரை காத்திருக்கவில்லை. மகளை அப்போதே கூப்பிட்டேன். மீட்டிங் என்றாள்.

"மீட்டிங்க நிறுத்து. அட்டவணையில ஒரு தலப்பு குறையுது."

"இன்னாப்பா தலப்பு?"

"ஆள் இருக்காரா, ஆள் இல்லையா."

"எந்த ஆளு?" என்றாள்.

"வேற எந்த ஆளு? நான்தான்."

ஒரு தலைப்பு கூடினால் அட்டவணை இரண்டு மடங்காகும். இது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். டீம் லீடருக்கு அது ஒரு சாக்காகப் போயிற்று. இப்படிப் பெருத்துக்கொண்டே போகிற மொழி வேண்டாம், விதிமுறையாகவே எழுதிவிடலாம் என்றார். அங்கே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாம். மகளும் தளர்ந்துவிட்டாள். அந்த வாரம் முடிவு சொல்ல வேண்டும். விதிமுறை என்று முடிவானால் கேள்விகள் நின்றுவிடும், சாயந்திரப் போனும் நின்றுவிடும். "அந்தாளுகிட்ட நான் பேசுறேன்" என்றேன். "வேணாம்ப்பா" என்றாள். பேசாமல் விடுகிறவனா நான்? அடுத்த நாள் அவளே தன் போனை அவரிடம் கொடுத்துப் பேச வைத்தாள்.

"வணக்கம் அங்கிள்," என்றார்.

உப்பளத்துக்காரனை யாரும் அங்கிள் என்று கூப்பிட்டதில்லை. அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"ஏம்பா, உங்க விதியில ஆள் இல்லன்னு ஒரு வரி சேத்தா, மத்த எந்தெந்த வரி மாறுதுன்னு எங்க காட்டும்?"

"நாங்க யோசிச்சுப் பாத்துக்குவோம் அங்கிள்."

"யோசிக்காத வரி?"

"அது… விட்டுப் போகலாம்."

"வட்டத்துல?"

"வட்டம் ஒண்ணொண்ணும் ரெண்டாகும். அம்பு எக்கச்சக்கமா ஆயிடும். பாத்தா முள்ளு மாதிரி இருக்கும்."

"அட்டவணையில?"

"புது வரியெல்லாம் காலியா வரும்."

"காலியா இருக்கறது கண்ணுல படுதில்ல. நான் ராட்டினத்தப் பாத்தும் தலைய ஆட்டுனேன், பத்திரத்தப் பாத்தும் தலைய ஆட்டுனேன். ரெண்டுலயும் இல்லாதது எனக்குத் தெரியல. இதுலதான் காலி கட்டம் காலியாவே நிக்குது."

"ஆனா பெருசா போனா யாரும் படிக்க மாட்டாங்க அங்கிள். ஒவ்வொரு வரியா உங்களக் கேக்கணும், நீங்க சொல்லணும்."

"சொல்றேன். எனக்கு இங்க வேற இன்னா வேல?"

மகள் அவரிடமிருந்து போனை வாங்கினாள். "சரிப்பா, நான் பாத்துக்கறேன்," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டாள். பெட்டியைப் போடுவது, நிறுத்துவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற காரியத்துக்கு வட்டம். மழை, மதகு மாதிரி பல சங்கதி ஒரே நேரத்தில் கூடுகிற காரியத்துக்கு அட்டவணை. ஒரே மொழியில் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டாளாம். என் மகள் அல்லவா, கேட்பாள். டீம் லீடர் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த சாயந்திரங்களில் நாங்கள் நிரப்பியது எல்லாம் 'ஆள் இல்லை' வரிகள். அதுவரை கேள்விகள் லேசாக இருந்தன. இவை அப்படி இல்லை. ஆள் இல்லை, மழை இருக்கிறது, கரண்ட் இல்லை. ஆள் இல்லை, மழை இல்லை, கழி ஏறுகிறது. அவள் படித்துக்கொண்டே வருவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு என் களத்தை நான் இல்லாமல் பார்ப்பேன். கொட்டகையில் என் துண்டு இல்லை. வரப்பில் என் சைக்கிள் இல்லை. மதகு மட்டும் நிற்கிறது. அங்கே என்ன நடக்க வேண்டும் என்று சொல்லுவேன். சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். பின்னாலிருந்து மனைவி அந்த நாட்களில் வம்பு பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "இது போதும், நாளைக்கிக் கேளுடி," என்றாள். "கேக்கட்டும், எனக்கொண்ணும் இல்ல," என்றேன்.

அவற்றில் மழை இருந்து கழி ஏறாத வரிகளில் எல்லாம் மேல் பலகையை மட்டும் எடு என்றுதான் பதில். ஆள் இல்லையென்றால் உப்பு அள்ளியிருக்கும் என்று நம்பக் கூடாது. இது என் வாய் சொன்னது.

சோதனை நடந்த அன்று மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். மேசைமேல் பெட்டி, நாலைந்து ஒயர், மதகுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பல்பு. மேல் பலகைக்கு ஒரு பல்பு, கீழ்ப் பலகைகளுக்கு ஒவ்வொன்று. அட்டவணையிலிருந்து கம்ப்யூட்டர் எடுத்த ஒவ்வொரு சோதனைக்கும் பெட்டி பல்பைப் போட்டுக்கொண்டே வந்தது. எல்லாம் சரியாக வந்தது, ஆள் இல்லாத மழை வருகிற வரைக்கும். அதில் எல்லா பல்பும் ஒன்றாக எரிந்தன. முழுத் திறப்பு. பெட்டிக்கு நிரல் எழுதினவர்கள் மழை என்றால் முழுத் திறப்பு என்ற பழைய பேச்சை வைத்து எழுதியிருந்தார்கள். அந்தப் பெட்டி அப்படியே என் களத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசிலேயே பிடிபட்டது, திருத்தினார்கள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கூனிமேட்டு டீக்கடையிலும் காட்டினேன். "இன்னாண்ணா இது, சீரியல் லைட்டா?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று என்றார்கள்.

பிறகு பெட்டி வந்தது, களத்தில் நட்டார்கள். அதில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. நான் கேட்ட தலைப்புக்காகவே வைத்தது. காலையில் களத்துக்கு வந்ததும் ஒரு தடவை, சாயந்திரம் கிளம்பும்போது, ராத்திரிக்கு ஊரில்தான் இருக்கிறேன் என்று ஒரு தடவை நான் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் சென்னையில் மகள் போனில் 'ஆள் இருக்கிறார்' என்று காட்டும். அழுத்தாவிட்டால் 'ஆள் இல்லை' என்று காட்டும், பெட்டியும் 'ஆள் இல்லை' வரிகளின்படி நடந்துகொள்ளும்.

அட்டவணை நிரம்பிவிட்டது. கேட்க ஒரு கட்டமும் பாக்கியில்லை. சாயந்திரப் போன் நின்றுவிட்டது. அதே வரப்பில் அதே நேரத்துக்கு உட்காருகிறேன், பழக்கம். கொக்கு வருகிறது, போகிறது. சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிற கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகின்றன. மனைவி மட்டும் எப்போதும்போல, சாப்ட்டீங்களா, மாத்திர போட்டீங்களா.

ஒரு நாள் காலையில் சைக்கிள் பஞ்சராகிக் களத்துக்குப் போகத் தாமதமாயிற்று. பஞ்சர் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ப்பா, எங்க இருக்க? ஆள் இல்லன்னு காட்டுது."

"பஞ்சர் கடையில."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"பயந்தே போயிட்டேன்." பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. ஆனாலும் அவள் வைக்கவில்லை. பஞ்சர் ஒட்டி முடிகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை என்ன சொன்னது, அம்மா என்ன சொன்னாள், எல்லாம் சொன்னாள்.

பொத்தானை அழுத்தாமல் விட்டால் போன் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பலகை இழுக்கிற அம்மாவும் கண்டுகொண்டாள். "அழுத்தாம வுட்டுடேன்ணா, பொண்ணு பேசுமில்ல," என்று கிண்டல் பண்ணுகிறாள். செய்ய மாட்டேன். ஆள் இருக்கும்போது இல்லை என்று அந்த அட்டவணைக்குச் சொன்னால், அது நான் கட்டினதை நானே இடிக்கிற மாதிரி. காலையில் வந்ததும் அழுத்துகிறேன். சாயந்திரம் கிளம்பும்போது அழுத்துகிறேன். போன் வருவதில்லை.

போன மாதம் அவர்கள் ஆபீசில் பெரிய கூட்டம் ஒன்றில் மகள் இந்த வேலையைப் பற்றிப் பேசினாளாம். மொழியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அட்டவணை எந்தத் தப்பைப் பிடித்தது, எல்லாம் படம் போட்டுக் காட்டினாளாம். கைதட்டினார்களாம். எனக்குச் சந்தோஷம்தான், என் மகளுக்கு விழுகிற கைதட்டு.

"என்னப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேனேப்பா. களத்துல அனுபவம் உள்ளவங்ககிட்ட கேட்டு எழுதுனதுன்னு சொன்னேன்."

"அனுபவம் உள்ளவங்கன்னா எத்தினி பேரு?"

சிரித்தாள். "நீதான்ப்பா."

"அப்ப அப்டிச் சொல்லு."

இன்னும் சொல்லவில்லை. அடுத்த பெட்டிக்கும், அதற்கடுத்த பெட்டிக்கும் அதே அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இறால் பண்ணைக்காரர்களுக்குக் கொஞ்சம் மாற்றி அதைத்தான் கொடுக்கிறார்களாம். 'ஆள் இல்லை' என்று தொடங்குகிற ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் இருப்பது நான் சொன்ன பதில். நான் இல்லாத நாளில் மதகில் நிற்கப்போவது அந்தப் பதில்தான். வழி போட்டவன் யார் என்று ஊர் சொல்லாமல் விட்டது, பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால், அட்டவணையின் தலைமாட்டில் ஒரு வரி சேர்க்கட்டும்: இந்த மொழியை எடுக்கச் சொன்னதும், ஆள் என்ற தலைப்பைக் கேட்டு வாங்கியதும், ஆள் இல்லாத வரிகளை எல்லாம் நிரப்பியதும் மரக்காணத்து உப்பளத்துக்காரர் ஒருவர் என்று. போட்ட பிறகு மகள் போன் பண்ணி எனக்கு அதைப் படித்துக் காட்டட்டும்.